மூன்று பியூஸ் கட்டைகள்

எதிர்வீட்டில் லைன் என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம். கரண்ட் கம்பம் ஏறும் அண்ணனுக்கு அது தொட்டால் ஆளைக் கருக்கும் கம்பி. கொத்தனாரான தம்பிக்குச் சுவர் கோணாமலிருக்க இழுத்துக் கட்டும் நூல். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அண்ணிக்கு முண்டியடிக்கும் நோயாளிகள். "லைன்ல வாங்க!" என்று அவர் தூக்கத்தில்கூடக் கத்துவதாகக் கேள்வி. கேள்வி என்ன, என் ஜன்னலுக்கே கேட்கும்.

பொது முற்றத்தைப் பிரிக்கத் தம்பி நூல் கட்டினான். அது அண்ணனின் குளியலறைக் கதவுக்கு நட்டநடுவே போயிற்று.

"இனிமே பாதி உடம்புதான் குளிக்கணுமா, கொழுந்தனாரே?" என்று அண்ணி கத்தரியால் நூலை நறுக்கினார்.

"நான் போட்ட லைன்ல கை வைக்கிறீங்களா?" தம்பி விட்ட அறையில் அண்ணியின் தோடு தெறித்துத் தெருவில் விழுந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரால் தம்பியின் வாயில் ஒரே போடு. இரண்டு பல் காலி.

மறுநாள் காலை அண்ணன் தெருமுனைக் கம்பத்தில் ஏறினார். எப்போதுமே ஏறுமுன், கம்பியில் கரண்ட் வராதபடி டிரான்ஸ்பார்மர் பெட்டியின் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, அண்ணியின் சாப்பாட்டுப் பையில் போட்டுவிடுவார். வேலை முடிந்ததும் அவரே டோக்கன் வரிசையில் நின்று வாங்கவேண்டும். வேறு யார் கேட்டாலும் அண்ணி தரமாட்டார். புருஷன் உயிரைப் பையில் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று தெருவே சிரிக்கும். நானும்தான்.

வீங்கிய வாயோடு தம்பி டிரான்ஸ்பார்மர் பக்கம் நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்கடா போற?"

"லைன் குடுக்கப் போறேன்க்கா. மேல நிக்கிறான்ல, வேகட்டும்."

கத்தினேன். அவன் அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டான். கட்டைகள் இல்லை. வேறொருவன் என்றால் திட்டிவிட்டுத் திரும்பியிருப்பான். இவன் எதையும் கட்டுக்கம்பி முறுக்கிச் சரிசெய்கிற ஆள். இடுப்பிலிருந்து கம்பிச் சுருளை உருவி, வெறும் பொந்துக்குள் நீட்டினான்.

நீலமாய் ஒரு வெடி. தூக்கி எறியப்பட்டவன் சட்டையோடு எரிந்தான். அண்ணன் கம்பத்தோடு கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றி, உள்ளங்கைத் தோல் உரிய வழுக்கி இறங்கி, அந்த ரத்தக் கைகளாலேயே தீயை அடித்து அணைத்தார்.

நானும் கூடவே ஓடினேன். ஆஸ்பத்திரியில், "லைன்ல..." என்று ஆரம்பித்த அண்ணி, புருஷன் தோளில் கிடந்தது யாரென்று பார்த்தார். பையைக் கக்கத்தில் இடுக்கியபடி வெளியே பாய்ந்து, வரிசையில் நின்றவர்களைப் பிடித்துத் தள்ளி வழிசெய்தார்.

"கை ரெண்டும் வெந்துடுச்சு, குளுக்கோஸ் ஏத்த லைன் கிடைக்கலை," என்றாள் நர்ஸ், ஊசியோடு. கடைசியில் பாதத்தில் ஒரு நரம்பு அகப்பட்டது. "போட்டாச்சு. ஆளு இருக்காரு."

யார் சொன்னாலும் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் அண்ணன் எந்தக் கம்பியையும் நம்பியதில்லை. புறங்கையைத் தம்பியின் மூக்கருகே வைத்து, வெகுநேரம் அப்படியே நின்றார்.

"இருக்கு," என்றார். பிறகு அண்ணியிடம் கையை நீட்டினார். "கட்டையக் குடு. தெருவே கரண்ட் இல்லாம கிடக்கு."

அண்ணி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தம்பி அறைந்த கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"கொழுந்தனாரு கண்ணு முழிக்கட்டும். அதுவரைக்கும் யாருக்கும் கிடையாது."

இரண்டு நாள் தெருவுக்குக் கரண்ட் இல்லை. நான்கூடப் போய்க் கேட்கவில்லை.