பைண்டிங்கில் விடுபட்ட தாள்

1967 பங்குனி அமாவாசையன்று காலை பத்தரை மணிக்கு, ஒக்கூரில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டின் பின்பக்கத்து மூன்றாம் கட்டில், புதுவயல் அரிசி ஆலைத் தொழிலாளி பொன்னுத்தாயி கையில் விளக்குடன் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டைரக்டர் 'கட்' சொன்னார். ஆட்கள் கதவைத் திறந்தார்கள். பொன்னுத்தாயி உள்ளே இல்லை. ஜன்னலோ வேறு வாசலோ இல்லாத பழைய நெல் அறை அது. தரைத் தூசியில் அவள் காலடி ஏழு பதிந்திருந்தது. ஏழாவது காலடி அறையின் நடுவில் இருந்தது, எட்டாவது இல்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வாரப் பத்திரிகையில் ஐம்பத்திரண்டு வாரம் வந்து தமிழ்நாட்டையே அழவைத்த 'மூன்றாங்கட்டு மீனலோசனி' தொடர்கதையைத்தான் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகி அன்று வௌவாலுக்குப் பயந்து காரை விட்டு இறங்கவில்லை. முதுகுதானே தெரியப்போகிறது, கூந்தல் நீளமாக இருந்தால் போதும் என்று, அமாவாசைக்கு ஆலை லீவானதால் வேடிக்கை பார்க்க வந்திருந்த பொன்னுத்தாயிக்கு அரக்குச் சேலையைக் கட்டி அனுப்பினார்கள். அவள் புருஷன் மலையாண்டி, ஆலையில் மூட்டை தூக்குகிறவன், கூட்டத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பத்தே முக்காலுக்கு அவன் அறையின் தரைக்கல்லைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தான். கீழே மண்தான் இருந்தது. போலீஸ் வந்து, ஆளைக் காணோம், சத்தம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனது. படக் கம்பெனி மேனேஜர் சத்தியமூர்த்தி கிளம்பும்போது மலையாண்டியின் தோளைத் தட்டி, "ஷாட் பிரமாதமா வந்திருக்குப்பா" என்றார். ஆறுதல் சொன்னதாகவே கடைசிவரை நினைத்திருந்தார்.

காரைக்குடியில் புத்தகம் பைண்டு செய்யும் ஹனிபாவுக்கு இந்தச் செய்தி டீக்கடையில் கிடைத்தது. பாவம் என்று சொல்லிவிட்டுப் பசை காய்ச்சப் போனார். தனக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்கு அப்போது தெரியாது.

அந்த நாளில் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொள்ளாத வீடு இல்லை. அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே தாளின் முன்பக்கம் ஒரு கதை முடியும், பின்பக்கம் இன்னொரு கதை தொடங்கும். இரண்டையும் பைண்டு செய்யச் சொன்னால் அந்தத் தாள் ஒரு புத்தகத்துக்குத்தான் போகும். மற்றதில், விடுபட்ட பக்கத்தை வெள்ளைத்தாளில் கையால் எழுதி ஒட்டுவது தொழில் தர்மம். 1965 தை மாதம், நோன்பு நாள்களில், நகராட்சி ஆபீஸ் டைப்பிஸ்ட் அகிலாண்டேஸ்வரி மீனலோசனியைக் கொண்டுவந்தார். அவர் தம்பி சேவுகன் அதே பத்திரிகையின் துப்பறியும் கதையைக் கொடுத்தான். மீனலோசனியின் கடைசித் தாளுக்குப் பின்பக்கம் துப்பறியும் கதையின் ஒன்பதாம் அத்தியாயம். ஹனிபா தாளைத் துப்பறியும் கதைக்குக் கொடுத்தார். நோன்பு திறந்த பிறகு மற்றதைக் கையால் எழுதி ஒட்டலாம் என்று இருந்தார். மறந்துபோனார்.

படக் கம்பெனி கதையைக் கேட்டபோது பத்திரிகை ஆபீஸில் பழைய இதழ்கள் எடைக்குப் போயிருந்தன. எழுத்தாளரோ ஒரே நேரத்தில் நான்கு தொடர் எழுதுகிறவர், எது எங்கே முடிந்தது என்று அவருக்கே நினைவில்லை. ஆகவே அகிலாண்டேஸ்வரியின் பைண்டு புத்தகம் சென்னைக்குப் போனது. அதில் மீனலோசனி விளக்கோடு அறைக்குள் போகிறாள், கதவைச் சாத்துகிறாள், அட்டை வந்துவிடுகிறது. டைரக்டர் எழுந்து நின்று, இப்படி ஒரு முடிவைத் தமிழ் கண்டதில்லை என்றார்.

1968 பொங்கலுக்குப் படம் வந்தது. ஹனிபா இரண்டாம் நாள் பகல் காட்சிக்குப் போனார். கதவு மூடியது, திரை இருண்டது, தியேட்டரே விசும்பியது. அவர் மட்டும், தான் எழுதி ஒட்டாமல் விட்ட தாளை நினைத்து, நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி சுபைதா தட்டை எடுத்து அப்பால் வைத்தாள்.

"நீங்க விட்ட தாளுக்குள்ள ஒரு பொம்பளை நிக்கிறா. இங்குட்டு உக்காந்து என்ன செய்றீக? போயித் தேடுங்க."

தேடக் கிளம்பினால், துப்பறியும் புத்தகம் இரவல் போயிருந்தது. சேவுகனிடமிருந்து அவன் மைத்துனனுக்கு, அங்கிருந்து ஒரு லாரி டிரைவருக்கு, அவன் மாமியார் ஊருக்கு என்று மூன்று வருஷம் அது முன்னே போக, ஹனிபா பின்னே போனார். அதற்குள் ஒக்கூர் வேறு ஊராகிவிட்டது. வீட்டுக்காரர்கள் பினாங்கில் இருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்ட உடையப்பன், படம் பார்த்துவிட்டு வந்தவர்களை இருபது இருபது பேராக உள்ளே விட்டார். பெண்கள் அரக்குச் சேலையில் வந்தார்கள். முதல் கட்டில் மீனலோசனி சாப்பிட்ட வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டு, இரண்டாம் கட்டில் அவள் அழுத தூணைப் பிடித்து அழுது, மூன்றாம் கட்டில் விளக்கேந்தி ஏழடி நடந்து, கதவில் காது வைத்து வளையல் சத்தம் கேட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். ஆண்களுக்குக் கதாநாயகனின் கடைசி வசனத்தைச் சொல்வதற்குத் தனி வரிசை. ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர் வசனம் மறந்து மயங்கி விழுந்தார். எல்லாவற்றுக்கும் தலைமை அகிலாண்டேஸ்வரியின் வாசகியர் மன்றம். கதை அப்படி முடியவில்லையே என்று ஆரம்பத்தில் சந்தேகப்பட்டவர் அவர்தான். படத்தைப் பதினொரு தடவை பார்த்தபின் சந்தேகம் போய்விட்டது.

மலையாண்டி அமாவாசைதோறும் ஆலை லீவன்று வந்தான். அவனுக்கு வரிசை கிடையாது என்று ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அந்த மாதம் ஆலையில் நடந்ததை வளையல் சத்தத்திடம் சொல்லிவிட்டுப் போவான்.

1971 வைகாசியில் ஹனிபா புத்தகத்தைப் பிடித்தார். திருக்கோஷ்டியூரில், கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பூ விற்கும் அழகுசுந்தரத்திடம் இருந்தது. ஒரு தாள் போதும் என்று ஹனிபா கேட்டார்.

"அந்தத் தாளுலதான் பாய் கொலைகாரன் வாரான். அதைக் கிழிச்சுட்டா நான் யாரைப் புடிக்கிறது?" என்றார் அழகுசுந்தரம்.

ஹனிபா பூக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆறு வருஷத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டிய அரைப்பக்கத்தை வெள்ளைத்தாளில் ஓரெழுத்தும் பிசகாமல் எழுதி எடுத்துக்கொண்டார்.

அமாவாசை அன்று, மலையாண்டி வந்திருக்கும் நேரம் பார்த்து ஒக்கூர் போனார். அன்று இருபது பேர் கணக்கெல்லாம் போய், மூன்றாம் கட்டில் முந்நூறு பேர் நெரிந்தார்கள். தாளைக் காட்டி விஷயத்தை அவர் சொன்னதும் உடையப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"ஏன் பாய், நீங்க படிச்சு அது வெளிய வந்துட்டா, நாளைக்கு வாரவுகளுக்கு எதைக் காட்டுறது? நாப்பது குடும்பம் இதை நம்பி இருக்கு."

"கதையோட முடிவை மாத்த நீங்க யாரு பாய்?" என்றார் அகிலாண்டேஸ்வரி. சேலை கட்டிய மீனலோசனிகள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

"மாத்துனது நான்தாம்மா. இப்பத் திருப்பி வைக்க வந்திருக்கேன்."

வெளியே பிடித்துத் தள்ளுங்கள் என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து பேர் ஹனிபாவின் சட்டையைப் பிடித்தும்விட்டார்கள். ஒரு பெண் அறைக்குள் அகப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்தும், அவள் வராமலிருக்க வேண்டும் என்று இத்தனை பேர் விரும்பினார்கள். ஹனிபா தாளைக் கசங்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மலையாண்டி எழுந்து வந்து அந்தக் கைகளை மூட்டையை இறக்குவது போல ஒவ்வொன்றாக இறக்கிவிட்டான்.

"நாலு வருசமா எம் பொண்டாட்டிய வேடிக்கை பாத்துட்டீக. படிங்க பாய்."

ஹனிபா படித்தார். 'விளக்கு அணையவில்லை. மீனலோசனி அதைத் தூக்கிப் பிடித்து அறையை ஒருமுறை பார்த்தாள். இங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கதவைத் திறந்து வெளியே வந்தாள்.'

கதவு திறந்தது. பொன்னுத்தாயி வந்தாள். இருபத்துமூன்று வயசோடு போனவள் இருபத்துமூன்று வயசோடு வந்தாள். விளக்கில் எண்ணெய்கூடக் குறையவில்லை.

"ஷாட்டு சரியா வந்துச்சா? இன்னொருக்கா போகணுமா?" என்று கேட்டாள்.

அவள் மலையாண்டியைப் பார்த்தாள். "லீவன்னைக்கும் தலையெல்லாம் தவுடா? குளிக்காம வந்தீகளா?" என்று கிட்டே வந்து அவன் தலையைத் தட்டிவிட்டாள். தவிடு உதிரவில்லை. இரண்டாம் தடவையும் தட்டினாள். பிறகு கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவர்களுடைய மீனலோசனிக்கு நடிகையின் முகம். "யாரும்மா அது, கதவை மறைக்காத, ஒதுங்கு" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. அகிலாண்டேஸ்வரி மறுபடி கதவில் காதை வைத்து, வளையல் சத்தம் கேட்கிறது என்று அறிவித்தார். உடையப்பனுக்கும் கேட்டது. ஹனிபாவுக்கு மட்டும் கேட்கவில்லை. வரிசை பழையபடி நின்றது.

வழக்கம்போல மலையாண்டி நாலடி முன்னால் போக, பொன்னுத்தாயி பின்னால் நடந்தாள். அவள் திரும்பிய அந்த நிமிஷத்தில்தான் முந்நூறு பேரும் அந்த முதுகைப் பார்த்தார்கள். அந்தக் கூந்தல், அந்தச் சேலை, அந்த நடை. ஒரு பெண் அலறிக்கொண்டு தரையில் சாய்ந்தாள். மற்றவர்கள் அலறவும் மறந்து பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார்கள், பஸ்ஸுக்குப் பின்னாலும் ஓடினார்கள். அவள் திரும்பிப் பார்த்தால் யாரோ என்று நின்றார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபடி வந்தார்கள். சேலையை மாற்றியும் பயனில்லை. புதுவயல் கடைத்தெருவில், ஆலை வாசலில், குளத்துக்குப் போகும் பாதையில், எங்கே நடந்தாலும் யாராவது இரண்டு பேர் கண்ணீரோடு பின்னால் வந்தார்கள்.

பதினைந்து நாள் பார்த்தான் மலையாண்டி. பதினாறாம் நாள், பெண்டாட்டியை முன்னால் போகவிட்டு, அவள் முதுகு தெரியாதபடி அகலமாகத் தோளை விரித்து ஒட்டிப் பின்னால் நடந்தான். புதுவயலில் எந்த ஆம்பிளையும் அப்படி நடந்ததில்லை. ஆலையில் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு, இரண்டு பேரும் ஒருத்தர் பின் ஒருத்தராக வருவதைப் பார்த்தால் மணி எட்டு என்று ஆலைச் சங்கு ஊதுகிறவன் கயிற்றைப் பிடிக்க ஆரம்பித்தான்.