அடுக்கம் வழியாக ஒரு மணி நேரத்தில் பெரியகுளம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சொல்லி நழுவ மாட்டேன். இது 2007இல் சென்னையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் நான் எழுதிய பொய். அதன் தலைப்பைத்தான் இந்தக் கதைக்கும் வைத்திருக்கிறேன்.

அப்போது நான் ஒரு பெரிய பயணத் தளத்துக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் ஏற்காடு, மதியம் கன்னியாகுமரி, காப்பிக்குப் பிறகு கொடைக்கானல். எங்கும் போக வேண்டியதில்லை. கொடைக்கானலுக்கு நான் போனது ஒரே ஒரு தடவை, பள்ளிச் சுற்றுலாவில், வத்தலக்குண்டுப் பாதையில் பேருந்து ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தபடி. அடுக்கத்தை வரைபடத்தில்தான் பார்த்தேன். மலையிலிருந்து பெரியகுளம் பக்கம் ஒரு மெல்லிய கோடு இறங்கியது. ஸ்கேலை வைத்து அளந்தேன். "சிலிர்க்க வைக்கும் குறுக்குப் பாதை. குடும்பத்துடன் காரில் செல்ல ஏற்றது" என்று எழுதினேன்.*

* 'குடும்பம்' என்ற சொல் கட்டுரையில் மூன்று தடவையாவது வர வேண்டும் என்பது அலுவலக விதி. தேடுபொறிக்குக் குடும்பம் பிடிக்குமாம்.

அந்தக் கோட்டில் பாதிவரைதான் தார். அதற்குக் கீழே கல். மழை பெய்தால் கல்லும் இல்லை, சேறுதான். என் கட்டுரை தேடல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அலுவலகத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள்.

2

இனி கதையைத் தொடங்க வேண்டும்.

"மூடுபனி மெல்ல விலக, மலைச்சரிவில் அடுக்கம் கிராமம் கண்விழித்தது. தொலைவில் ஒரு குயில்..."

[வேண்டாம். மறுபடியும் அதே மின்விசிறி.]

"முத்துராஜ் ஏழை. ஆனால் நேர்மையானவர்."

[இதுவும் வேண்டாம். அந்த 'ஆனால்' எங்கிருந்து வந்தது? தவிர, அவர் ஏழை இல்லை. சொந்தமாக ஜீப் வைத்திருக்கிறார். என்னிடம் சைக்கிள்கூட இல்லை.]

2, மறுபடியும்

முத்துராஜ் அடுக்கத்துக்காரர், ஜீப் ஓட்டுகிறவர். வெள்ளனே எழுந்து காப்பி மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு பெரியகுளம் இறங்குவார், மதியம் திரும்பி ஏறுவார். ஆகவே அந்தப் பாதையில் எந்த இடத்தில் எந்தக் கல் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். 2006இல், செண்பகனூரில் இணைய மையம் நடத்தும் ரோகிணி அவருக்காக ஒரு தளம் செய்துகொடுத்தாள். ஒரே பக்கம். படம் கிடையாது. தினமும் அவர் தொலைபேசியில் ஒரு வரி சொல்வார், அவள் தட்டச்சு செய்வாள்.

"இன்று: மூன்றாவது ஓடைக்குக் கீழே கல் சரிந்திருக்கிறது. ஜீப் போகும். கார் வேண்டாம்."

"இன்று: பாதை நன்றாக இருக்கிறது. யானை நிற்கிறது. பொறுத்து வரவும்."

இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் இப்படி ஒரு வரி. அந்தப் பாதையைப் பற்றி உலகத்திலேயே உண்மை சொன்ன ஒரே பக்கம் அதுதான். தேடுபொறி அதை ஏழாம் பக்கத்தில் உட்கார வைத்திருந்தது. ஏழாம் பக்கம் வரை தேடிப் போகிற மனிதரை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

தேடுபொறி நடுநிலையானது, அதற்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது என்று சொல்வார்கள். வாஸ்தவம். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு ஆள் பொறுக்குகிறவருக்கும் யார்மேலும் விரோதம் இல்லை. வேட்டியின் கரையைப் பார்ப்பார், கூட வந்த கூட்டத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். யாருக்குப் பசி என்று கேட்பது அவர் வேலை இல்லை. அந்த இயந்திரம் ஒரு பக்கத்தை யார் யார் கைகாட்டுகிறார்கள் என்று பார்க்கிறது. பாதையைப் பார்ப்பதில்லை. பாதையைப் பார்த்தவர் யார் என்றும் பார்ப்பதில்லை.

3

இங்கே ஒரு காட்சி. பின்னால் ரோகிணி சொன்னதை வைத்து எழுதுகிறேன். 2008 ஆவணி, இணைய மையம், வெளியே சாரல்.

"அண்ணே, நம்ம பக்கம் இன்னமும் ஏழாம் பக்கத்துலதான் கெடக்கு."

"மொதல்ல யாரும்மா இருக்கா?"

"மெட்ராஸ்காரரு ஒருத்தரு. ஒரு மணி நேரத்துல பெரியகுளம் போயிரலாமாம். கார்ல."

முத்துராஜ் கேட்டார்: "அவரு வச்சிருக்கது என்ன காரும்மா?"

[இந்தக் கேள்வியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. சிரிப்பை மட்டும் உங்களுக்குக் கொடுக்கிறேன்.]

ரோகிணி விளக்கினாள். "மத்த சைட்டுக நம்மளக் கை காட்டணும்ணே. அதுக்கு லிங்க்னு பேரு. எம்புட்டுப் பேரு காட்டுறாங்களோ அம்புட்டு மேல ஏறலாம்."

"அம்புட்டுத்தானா? இது நம்ம மாத்தாளு சோலிதான!"

அடுக்கத்தில் காப்பிப் பழம் பழுத்தால் ஒரு வாரத்தில் பறித்தாக வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காது. அதனால் இன்று உன் காட்டுக்கு என் வீட்டார், நாளை என் காட்டுக்கு உன் வீட்டார். இதுதான் மாத்தாள். இதில் ஒரே ஒரு மரியாதை உண்டு. உதவி யாருக்கு வேண்டுமோ அவர்தான் முதலில் அடுத்தவர் காட்டுக்குப் போக வேண்டும்.

ஒரே மாதத்தில் மலை முழுக்கச் சேதி போனது. பள்ளங்கியில் பூண்டுக் காட்டின் ஓரம் இரண்டு அறை வாடகைக்கு விடும் குழந்தைவேல், செண்பகனூரில் பிளம்ஸ் ஜாம் விற்கும் சுந்தராம்பாள், இன்னும் எட்டுப் பேர். எல்லாம் ரோகிணி செய்துகொடுத்த ஒற்றைப் பக்கத் தளங்கள். எல்லாருடைய பக்கத்தின் அடியிலும் எல்லாருடைய பெயரும் ஏறியது. முத்துராஜ் எல்லார் பெயரையும் முதலில் போட்டுவிட்டுத்தான் தன் பெயரைப் போடச் சொன்னார்.

புரட்டாசி முதல் வாரத்தில் பதினொரு தளங்களும் தேடலில் இல்லாமல் போயின. ஏழாம் பக்கத்திலும் இல்லை, எழுபதாம் பக்கத்திலும் இல்லை. காரணம் ரோகிணிக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும். ஒருவரையொருவர் கைகாட்டிக்கொள்ளும் கூட்டம் ஏமாற்றுக் கூட்டம் என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் முதலாளிக்குப் பதினாறு தளங்கள் இருந்தன. பதினாறும் ஒன்றையொன்று இரவு பகலாகக் கைகாட்டிக்கொண்டிருந்தன. அதற்குக் கூட்டம் என்று பெயர் இல்லை, குழுமம் என்று பெயர்.

5

[நான்காம் பகுதியில் என் வறுமையை எழுதியிருந்தேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக. கிழித்துப் போட்டேன்.]

என் கட்டுரையின் கீழே பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். ரோகிணி எழுதினாள், நான் என் எண்ணைக் கொடுத்தேன். மறுநாள் அழைப்பு வந்தது.

"சார், நான் அடுக்கம் முத்துராஜ் பேசுறேங்க. ஜீப் ஓட்டுறவன். ஒங்க கட்டுரைய ரோகிணி வாசிச்சுக் காமிச்சுச்சு. நல்லா எழுதிருக்கீங்க சார்."

"நன்றிங்க."

"ஒண்ணு கேக்கணும். நீங்க எந்த மாசம் வந்தீங்க? கோடையில வந்தா, கை தேர்ந்த டிரைவரா இருந்தா மெதுவா எறக்கிரலாம். அதான் கேக்கேன்."

இந்த இடத்தில் கதாநாயகன் சொல்ல வேண்டிய வசனம்: "ஐயா, நான் அந்தப் பாதையில் வந்ததே இல்லை."

[நல்ல வசனம். ஆறு சொல். மூச்சுக்கூட வாங்க வேண்டாம்.]

நான் சொன்னது: "ஏப்ரல்ல."

"அதான பாத்தேன்! வராம ஒரு மனுசன் எழுதுவானான்னு ரோகிணிகிட்டச் சொன்னேன். ஏப்ரல்ல நான் கீழ போயிருந்திருப்பேன், இல்லாட்டி ஒங்களப் பாக்காம விட்டிருப்பனா?" அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "ஐப்பசி மழை வரப்போகுது சார். அந்தப் பக்கத்துல அடியில ஒரு வரி, மழைக்குக் கார் வேண்டாம்னு போட்டு, நம்ம சைட்டையும் காமிச்சுவிட்டீங்கன்னா சனம் பாத்துக்கிரும். ஒங்க பக்கத்த நம்ம சைட்டுல நேத்தே போடச் சொல்லிட்டேன். மொத ஆளா நான் வந்துட்டேன் சார். இனி ஒங்க மொறை."

போய்ப் பார்த்தேன். அவருடைய அன்றைய வரிக்குக் கீழே, குழந்தைவேலுக்கும் சுந்தராம்பாளுக்கும் மேலே, எல்லாருக்கும் முதலில், என் பெயர். "கோடையில் வருகிறவர்கள் இந்த சார் எழுதியதையும் பார்க்கவும். நேரில் வந்தவர்." அவர் கைகாட்டியதால் என் பொய் இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. உயர்வதற்கு அதற்குமேல் இடமும் இல்லை.

6

எங்கள் தளத்தின் ஆசிரியர் சேனாதிபதியிடம் போய், அந்த ஒரு வரியைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல்ல நிக்கிற பக்கத்த யாராவது தொடுவாங்களா? ஒரு வார்த்தை மாத்தினாலும் கீழ இறங்கிடும்யா."

"மழைக்காலத்துல ஆபத்துன்னு சொல்றாங்க சார்."

"சொல்றது யாரு? அவரு சைட்டு எத்தனையாவதுல வருது?"

"வரல சார்."

"பாத்தியா?" என்றார், வழக்கு முடிந்த மாதிரி.

சேனாதிபதியை வில்லனாக்கி இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பக்கத்தைத் திருத்தும் கடவுச்சொல் என்னிடமே இருந்தது. ஒரு வரி சேர்க்க ஒரு நிமிடம் போதும். முதலிடம் போய்விடுமே என்று சேர்க்கவில்லை. அதுவரை என் வாழ்க்கையில் நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. [இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கேவலம் எவ்வளவு என்று நீங்கள் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.]

7

ஐப்பசியில் ரோகிணியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் இருந்ததை அப்படியே தருகிறேன், என் அலங்காரம் எதுவும் இல்லாமல்.

பெரியகுளத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு அவள் முத்துராஜின் ஜீப்பில் மேலே திரும்பிக்கொண்டிருந்தாள். மழை. கும்பக்கரை தாண்டி ஒரு வெள்ளைக் கார் மலையேற நின்றது. கணவன், மனைவி, பின்னால் இரண்டு பிள்ளைகள். முத்துராஜ் இறங்கி ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"சார், இதுல ஏறாதீங்க. ஓடையில வெள்ளம் வந்துருச்சு. வத்தலக்குண்டு சுத்திப் போயிருங்க."

"நீங்க யாரு?"

"ஜீப் ஓட்டுறவன் சார்."

"ஜீப் ஓட்டுறவன் கார் போகாதுன்னுதான் சொல்லுவான். நெட்ல தேடினதும் இதான்யா முதல்ல வந்துச்சு. பொய்யாவா போட்டிருப்பான்?"

அவர் நீட்டியது அச்செடுத்த காகிதம். என் கட்டுரை. அடியில் என் பெயர். முத்துராஜ் எழுத்துக் கூட்டி வாசித்தார். மழையில் நனைந்த அவர் முகம், தெரிந்தவரைப் பார்த்ததுபோல மலர்ந்தது என்று ரோகிணி எழுதியிருந்தாள்.

"இந்த சாரா? இவரு வந்தவருதான். எங்கூடப் பேசிருக்காரு. ஆனா அவரு வந்தது ஏப்ரல்ல..."

'வந்தவருதான்' என்றதுமே கண்ணாடி மேலே ஏறிவிட்டது. ஏப்ரல் வெளியே நின்றுவிட்டது. கார் கிளம்பியது. முத்துராஜ் ரோகிணியை இறக்கிவிட்டார். "நீ பஸ்ல வந்துரும்மா, நான் வெரசாப் போயி மறிக்கேன்" என்று சொல்லி ஜீப்பை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போனார்.

மின்னஞ்சலின் கடைசி வரி: "மீதியை நீங்களே நேரில் வந்து கேட்டுக்கங்க சார். வர்றவருதானே நீங்க."

8

முடிவு ஒன்று: இரண்டாவது வளைவில் ஜீப் காரை முந்திக் குறுக்கே நிற்கிறது. எல்லாரும் அடுக்கத்தில் டீ குடிக்கிறார்கள். [பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள்.]

முடிவு இரண்டு: மூன்றாவது ஓடையில்

முடிவு மூன்று: ஒன்றும் ஆகவில்லை. கார் எப்படியோ ஏறிவிட்டது. அந்த மனிதர் ஊர் திரும்பியதும் என் கட்டுரையின் கீழே "சூப்பர் ரோடு" என்று எழுதுகிறார். அதைப் பார்த்து அடுத்த கார் கிளம்புகிறது.

இவற்றில் எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. தந்திரம் இல்லை, நிஜமாகவே தெரியாது. அந்த மாதம் முழுக்க நான் செய்தித்தாள் படிக்கவில்லை. ரோகிணிக்குப் பதில் போடவில்லை. வேலையை விட்டேன், எண்ணை மாற்றினேன். இது 2009. கட்டுரை இன்னும் முதலிடத்தில் இருக்கிறது. கடவுச்சொல்லை அவர்கள் மாற்றிவிட்டார்கள்.

முடிவைத் தெரிந்துகொள்ள மலையேறக்கூட வேண்டாம். முத்துராஜின் தளத்தைத் திறந்தால் போதும். அந்த நாளுக்கு மறுநாள் ஒரு வரி இருக்கும், அல்லது இருக்காது. நீங்கள் தேடினால் கிடைக்காது, நான்தான் கிடைப்பேன். முகவரி தெரிந்தவர்கள் மட்டுமே அங்கே போக முடியும். எனக்கு முகவரி தெரியும், இதோ கீழே எழுதித் தருகிறேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு

[முகவரியை எழுதினேன். அடித்தேன். நீங்கள் பார்த்துவிட்டால் என்னிடம் வந்து சொல்லிவிடுவீர்கள்.]

ஆகவே முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடைசி வரி எந்தத் தேதியில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. அதன் கீழே, எல்லாருக்கும் முதலில், 'நேரில் வந்தவர்' என்று என் பெயர் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.