சிவப்புப் பொட்டு வைத்த கார்டு

வேன்காரருக்கு ஒரு பெருமை உண்டு. பதினாறு வருஷத்தில் அவர் ஏற்றி இறக்கிய சாமானில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அவர் மனைவிக்கு அது மனப்பாடம்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பில் போடச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் கம்பெனி ஆள் வரும்வரை பொறுமையில்லாமல் தானே நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டாள். கூடம் அடுத்த தெருவுக்கு மாறியபோது, "கம்பெனி ஆள் வேண்டாம் டாக்டர், நானே கழட்டி நானே மாட்டிடுறேன்" என்று வாய் விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா சற்று யோசித்தார். "சரி. திங்கக்கிழமை பத்து மணிக்கு ஓடணும். ஓடிச்சுன்னா சர்வர் ரூம் இனிமே உன் பொறுப்பு. இல்லன்னா கம்பெனியக் கூப்பிடுவேன், நீ பில் மேசையோட இருந்துக்கோ."

சாமானை ஏற்றியது யார்? வேறு யார், வேன்காரர்தான்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் மாட்டி முடித்தாயிற்று. சர்வர் என்கிற பெரிய பெட்டியின் முதுகில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று உள்ளே இருக்கும் பரிசோதனை மெஷின்களுக்கு, மற்றது வெளியே இணையத்துக்கு. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. அதனால் பழைய இடத்தில் கழற்றும் முன்பே உள் கார்டின் விளிம்பில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள், அதன் ஒயரிலும் ஒன்று. பொட்டுக்குப் பொட்டு பார்த்துச் செருகினாள். பச்சை விளக்குகள் ஜோராக மினுக்கின. ஆனால் ஒரு மெஷினும் வாய் திறக்கவில்லை. இணையமும் வரவில்லை.

வேறு புது ஒயர் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஊஹும்.

"வழியில எங்கயாவது இடிச்சுதாங்க?" என்று பக்கத்தில் நின்ற கணவனைக் கேட்டாள்.

"என் வண்டியிலயா? கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வந்தேன். வேணும்னா தடவிப் பாரு, ஒரு கீறல் இருக்கான்னு."

ஒன்பதே முக்காலுக்கு டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார், கையில் போனோடு. பின்னால் வேன்காரரின் சுமை ஆட்கள் இருவர் வேடிக்கை பார்த்தார்கள்.

அவள் பொட்டு வைத்த ஒயரைப் பிடுங்கினாள். 'உள்' கார்டு துண்டிக்கப்பட்டது என்று திரை காட்ட வேண்டும். 'வெளி' என்று காட்டியது. மறுபடி செருகிப் பிடுங்கினாள். அதே.

"இந்தப் பெட்டி கார்டோட முகத்தப் பாக்காது டாக்டர், அது உக்காந்திருக்கற இடத்தத்தான் பாக்கும். ரெண்டும் இடம் மாறி உக்காந்தாத்தான் இப்படிக் காட்டும். ஆனா பெட்டிய யாருமே திறக்கலையே..." அவள் குரல் இறங்கியது. "நான்தான் பொட்ட மாத்தி வெச்சுத் தொலைச்சுட்டேனோ?"

வேன்காரருக்குச் சுருக்கென்றது. திறந்தது அவர்தான். குண்டும் குழியுமான ரோட்டில் கார்டு ஒடிந்துவிடப்போகிறதே என்று இரண்டையும் கழற்றித் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்து, பழையபடி மாட்டிவிட்டதாகத்தான் நினைத்திருந்தார். இத்தனை பேர் முன்னால் இதைச் சொன்னால் பதினாறு வருஷம் போச்சு. ஆனால் அவள் தன் கையையே சந்தேகப்படுவதை அவரால் தாங்க முடியவில்லை.

"நீ மாத்தல. நான்தான் கழட்டினேன். ஒடஞ்சிடும்னு பயந்து துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தேன். மாட்டறப்போ மாத்தி மாட்டியிருக்கேன்."

சுமை ஆட்களில் ஒருவன் இருமினான். அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துண்டுலயா?"

"புதுத் துண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு ஒயர்களையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள், அவ்வளவுதான். மெஷின்கள் ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தன, பிரிண்டர் முதல் தாளை இழுத்தது. மணி ஒன்பது ஐம்பத்து மூன்று. டாக்டரம்மா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

மறுநாளிலிருந்து வேனில் ஏறிய யாரும் கீறல் கதையைக் கேட்கவில்லை. "ரெண்டு கார்டையும் மாத்தி மாட்டினது நான்தான் சார்" என்று தொடங்குவார், ஏதோ பரிசு வாங்கியவர் கணக்காக. "அத என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சா. பெட்டியத் திறக்காமலே சார்! திறக்காமலே!"