போர்டு முனி

செஞ்சிக் கோட்டைக்குள் சாமி இல்லாத கோயில் ஒன்று உண்டு. வெங்கடரமணர் கோயில் என்று பேர். கருவறையில் குடியிருப்பது வௌவால்தான். அந்தக் கோயில் வாசலில் சர்க்கார் நட்டு வைத்த நீலத் தகரப் பலகை ஒன்று சாமியாகிப்போன கதை இது. டில்லியில் புது அரசியல் சட்டத்தை வரிவரியாகப் பேசி எழுதிக்கொண்டிருந்த 1949இல் நடந்தது.

பலகையில் இருந்தது இவ்வளவுதான்: ‘இது சர்க்கார் பாதுகாப்பில் உள்ள இடம். இங்கே கல்லைப் பெயர்ப்பவர் தண்டிக்கப்படுவார்.’ ஊரில் ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை. துவைக்கிற கல், வாசற்படி, மாட்டுத் தொட்டிக்கு முட்டு என்று ஆளாளுக்குக் கோட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காவல்காரன் யாகப்பனுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒருநாள் பக்கத்துச் சிங்கவரத்துக்காரன் பாவாடை ஒரு படிக்கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினான்.

“டேய், போர்ட்ல இன்னா எழுதியிருக்குது பாருடா” என்றான் யாகப்பன்.

“எனுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சவனுக்குத்தான் அது” என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினான் பாவாடை. கோட்டை வாசலைத் தாண்டுவதற்குள் வண்டி அச்சு முறிந்தது. கல் உருண்டு அவன் காலின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

ஊர் யோசித்தது. சர்க்கார் தண்டிப்பது என்றால் கோர்ட்டு, வாய்தா, வக்கீல் என்று தலைமுறைக்கும் இழுக்கும். இங்கே எழுதியிருக்கிறபடி அந்த இடத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. இன்ன தப்புக்கு இன்னது செய்வேன் என்று முன்கூட்டி எழுதி வைத்துவிட்டுச் செய்கிற நாணயமான சாமி வேறு எங்கே இருக்கிறது? பாவாடையின் தாய் விருத்தாம்பாள் கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாள். பலகைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, மகனை மன்னிக்கச் சொல்லி அழுதாள். கால் கூடிவிட்டது. கட்டுப் போட்ட வைத்தியருக்கு அதில் ஒரு பேரும் கிடைக்கவில்லை. பலகைக்குத்தான் கிடைத்தது, போர்டு முனி என்று.

யாகப்பன் கத்தோலிக்கன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் போகிறவன். முதல் நாளே அந்தக் குங்குமத்தைத் துடைத்திருக்க வேண்டும். துடைக்கவில்லை. ஏனென்றால் கல் திருட்டு அடியோடு நின்றுபோயிற்று. எப்போதோ காணாமல் போன கற்கள்கூட ஒவ்வொன்றாக வீடு திரும்பின. யாகப்பன் மத்தியானத்தில் மண்டபத்து நிழலில் துண்டை விரித்துத் தூங்கினான். முனி காவல் காத்தது. சம்பளம் மட்டும் இவன் வாங்கினான்.

இந்தச் சுகம் ராஜாங்கத்தின் கண்ணை உறுத்தியது. கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கிற ராஜாங்கத்துக்கு வேலைவெட்டி இல்லாத மச்சான் ஒருத்தன், பேர் பெரியதம்பி. ராஜாங்கம் மெட்ராசுக்கு மனு எழுதிப் போட்டார். கோயில் இருக்கிற கோட்டைக்கு ஒரு கிறிஸ்துவ வேதக்காரன் காவலா? சாமி கும்பிட வருகிற இந்துக்களை இவன் விரட்டி அடிக்கிறான். என் மச்சான் பெரியதம்பி பழுத்த பக்திமான், அவனுக்கே இந்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்று மனு. விசாரிக்க ஒரு அதிகாரி வருவதாக யாகப்பனுக்குச் சேதி வந்தது. அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இது போனால் ஊரார் கொல்லையில் மல்லாட்டைக்குக் களை வெட்டத்தான் போக வேண்டும். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் வாளியும் துணியுமாகப் பலகையைத் துடைக்கப் போனான். விருத்தாம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

“இன்னா யாகப்பா, அபிசேகமா?”

“இல்ல யக்கா. மெட்ராஸ் ஐயா வராரு. இது சர்க்கார் போர்டு. சர்க்காருக்கு மதம் கெடையாதாம், பேப்பர்லயே போட்டுட்டான்.”

“மதம் இல்லன்னா ரொம்ப நல்லதாப் போச்சு. இந்தத் தெருக்காரன் வரலாம், அந்தத் தெருக்காரன் வரக்கூடாதுன்னு ஒருத்தனும் தட்டி வெச்சி அடைக்க மாட்டான். கைய எடு.”

யாகப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவழியே திரும்பினான். அவளிடம் வாதாடி ஜெயித்தவன் அந்தத் தாலுக்காவிலேயே கிடையாது.

மறுநாள் காலை அதிகாரி இராமச்சந்திரன் கதர்ச் சட்டையும் குடையுமாக வந்து இறங்கினார். பின்னாலேயே ராஜாங்கம், நெற்றி நிறையத் திருநீற்றோடு பெரியதம்பி, வேடிக்கை பார்க்க ஊர். கோயில் வாசலுக்கு வந்ததும் அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

“இங்கே நம்ம போர்டு ஒன்று இருக்க வேண்டுமே, எங்கேய்யா?”

யாகப்பன் கையைக் காட்டினான். மாலை, மஞ்சள் துணி, நேர்ந்துகொண்டு கட்டிய முடிச்சுகள். நடுவில் ‘தண்டிக்கப்படுவார்’ மட்டும் தெரிந்தது. அதிகாரியின் முகம் சிவந்தது. மனுவை எடுத்து ராஜாங்கத்தின் முன்னால் ஆட்டினார்.

“கும்பிட வருகிறவர்களை இவன் விரட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீரே. இது என்ன?”

ராஜாங்கம் கையை விரித்தார். “அது சாமியே இல்லீங்க. வெறும் போர்டு.”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் விருத்தாம்பாள். “இன்னா சொன்ன? சாமி இல்லியா? போன வெள்ளிக்கெழம உன் பொண்டாட்டி வந்து, தம்பிக்கு இந்த வேல கெடைக்கணும்னு முடிச்சு போட்டுட்டுப் போனாளே, வெறும் போர்டுக்கா போட்டா?”

ஊர் சிரித்தது. ராஜாங்கம் சட்டென்று மலை உச்சியில் எதையோ தேட ஆரம்பித்தார். அதிகாரி யாகப்பன் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?”

“நான் ஒண்ணுமே செய்யலீங்க ஐயா.”

“அதுதான் குற்றம்!” என்று குடையைத் தரையில் ஊன்றினார். “எல்லோரும் கேளுங்கள். டில்லியில் சட்டம் எழுதுகிறார்கள். இனி சர்க்காருக்கென்று ஒரு மதம் கிடையாது. காவல்காரன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று நான் கேட்கப்போவதில்லை. என் போர்டு எந்தச் சாமி என்று நீங்களும் சொல்லக் கூடாது. கும்பிட ஊரில் கோயில் இருக்கிறது. சர்க்கார் சொன்னால் செய்கிறவன்தான் எனக்கு வேண்டும். இதையெல்லாம் யார் எடுக்கிறானோ அவனுக்கு வேலை. பெரியதம்பி, நீ முதலில் போ.”

பெரியதம்பி போனான். கையை நீட்டினான். ‘தண்டிக்கப்படுவார்’ கண்ணுக்கு நேரே இருந்தது. நீட்டிய கையை அப்படியே திருப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். “மாமா, நீங்க வந்து எடுங்க” என்றான். மாமா இன்னும் மலை உச்சியை விட்டு இறங்கவில்லை.

அடுத்து யாகப்பன். அது அவனுடைய சாமி இல்லை. பயப்பட ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் வாய்க்குள் ‘அருள் நிறைந்த மரியே’ பாதி ஓடிவிட்டது. மாலையைத் தொடுவதற்கு முன் விருத்தாம்பாளைப் பார்த்தான்.

“கோவிச்சுக்காத யக்கா. வயித்துப் பொழப்பு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சரி, எடு. எலுமிச்சம்பழம் கீழ விழாம எடு. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாரு. நீ சர்க்கார் ஆளு, அவரு வூட்டு மனுசன்.”

யாகப்பன் மாலையைக் கழற்றினான், முடிச்சுகளை அவிழ்த்தான், மஞ்சள் துணியை உருவி விருத்தாம்பாளின் மடியில் போட்டான். கடைசியாகப் பலகையின் அடியில் குவிந்து கிடந்த பூவைத் தள்ளினான். கை நின்றுவிட்டது.

அங்கே பாதி எரிந்த மெழுகுவத்தி ஒன்று. கற்பூரம் ஏற்றுகிற ஊரில் மெழுகுவத்திக்கு என்ன வேலை? அதன் இடுப்பில் ரோஸ் காகிதக் குஞ்சம். சின்ன மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கோந்து தடவி அவனே ஒட்டிய குஞ்சம். வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

“என்னய்யா அது?” என்றார் அதிகாரி.

“மெழுகுவத்திங்க.”

“யார் வைத்தது?”

“தெரியலீங்க ஐயா” என்று அதைக் காக்கிப் பைக்குள் செருகிக்கொண்டான். பொய் சொல்வது பாவம்தான். ஆனால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

“வேலை உனக்குத்தான். உத்தரவு தபாலில் வரும்” என்றார் அதிகாரி. “இனி ஒரு பூ இங்கே விழுந்தாலும் நீதான் பொறுப்பு.” குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

யாகப்பன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான். மனைவி இருதயமேரி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மெழுகுவத்தியை அவள் முன்னால் வைத்தான்.

“வேல இருக்குதா போச்சா? அத மொதல்ல சொல்லு” என்றாள் அவள்.

“இருக்குது. நெரந்தரம். இது இன்னாடி? ஞானஸ்நான மெழுகுவத்திய எடுத்துட்டுப் போயி முனிக்கு ஏத்தியிருக்கிற! மாதா கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? மாதாகிட்ட கேக்கக் கூடாதா?”

இருதயமேரி முறத்தைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் இறங்கவில்லை.

“கேக்காமயா இருந்தேன்? ஆனா மாதா நம்ம பக்கம். ராஜாங்கம் பொண்டாட்டி போயி கேட்டா மாரியாத்தா அவ பக்கம். ரெண்டு தாயாருக்கும் நடுவுல சண்ட மூட்டச் சொல்றியா? நமக்கும் சேராம அவங்களுக்கும் சேராம, எழுதினது எழுதினபடி நியாயம் பாக்குறவரு இந்த ஊர்ல அவரு ஒருத்தருதான். அவருகிட்டதான் பயமில்லாம கேக்க முடிஞ்சுது.”

“அது சாமி இல்லடி. சர்க்காரு!”

“அதத்தான் நானும் சொல்றேன்” என்றாள் இருதயமேரி.

அவள் மெழுகுவத்தியை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

“கேட்டதக் குடுத்துட்டாரு. மீதியயும் எரியவுட்டுட்டு வந்துடறேன்.”

“ஐயோ, வேணாம்டி. இனிமே நான்தான் பொறுப்பு. பூ விழுந்தாலே வேல போய்டும். டூட்டியில நான் இருக்கும்போது நீ அந்தப் பக்கம் வந்த, அவ்ளோதான்.”

“சரி. நாளைக்குக் காலையில உனக்கு எந்தப் பக்கம் டூட்டி?”

யாகப்பன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான். கோட்டை பெரிய கோட்டை. ஒருவனே எல்லாப் பக்கமும் நிற்க முடியாது.

“நெல் களஞ்சியத்துப் பக்கம். அங்கருந்து பாத்தா கோயில் வாசல் தெரியாது” என்றான்.