கீழூர்க் கோடி

"தூக்குங்கடா பாடையை! இன்னும் யாருக்குக் காத்துக் கெடக்கறீங்க?" வாசலில் நின்று கத்தினான் தங்கமுத்து.

சென்னம்மாள் அப்பாவின் தலைமாட்டை விட்டு அசையவில்லை. "கீழூர்க் கோடி வரட்டுமுங்கண்ணா."

மலைக்காட்டைக் காத்துவந்த கந்தப்பன் விடியலில் கண்மூடியிருந்தார். கீழூருக்குப் பாயும் ஓடை வற்றாதிருக்க, மேலூரார் காட்டில் கோடரி வைக்கக் கூடாது. அதற்கு ஈடாகக் கீழூர் வயல்காரர்கள் அறுப்புதோறும் மேலூருக்கு நெல் அளக்க வேண்டும். இது பழைய பேச்சு. காவல்காரர் இறந்தால் முதல் கோடித்துணியும் கீழூரிலிருந்தே வரவேண்டும். அது விழாமல் பாடை எழுந்தால் பேச்சு முறிந்ததாக அர்த்தம்.

உலகச் சண்டை தொடங்கியபின் நெல் நின்றுபோனது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் மரக்கரியில் ஓடின. காட்டை வெட்டிக் கரி சுட ஒரு கண்டிராக்டர் தங்கமுத்துவை வளைத்துவிட்டான். கண்டிராக்டரின் ஆட்கள் கோடரிகளோடு புளியமரத்தடியில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

"நெல்லு குடுக்காதவன் துணி குடுப்பானா? ஐயனாட்டமே நீயும் கிறுக்கு, அம்மிணி!"

"சேதி சொல்ல ஆளு உட்டீங்களா?"

தங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"உட மாட்டீங்கன்னு தெரியுமுங்க. காத்தால கரிபஸ் கண்டக்டருகிட்ட நானே சொல்லியுட்டேன்."

அவன் வாய் திறப்பதற்குள் தெருமுனையில் கூட்டம் தெரிந்தது. முன்னால் கீழூர்ப் பெரியசாமிக் கவுண்டர். கையில் கோடி, முகமெல்லாம் கரி.

"பஸ்ஸு ஏத்தத்துல நின்னு போச்சு சாமி. நாங்க பஸ்ஸுல வரலே, பஸ்ஸுதான் எங்க கூட வந்துச்சு."

அழுதுகொண்டிருந்த பெண்கள் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"நெல்லு எங்கீங்க?" என்றான் தங்கமுத்து.

"களத்துலயே சர்க்காரு அள்ளிக்குதுங்க. வெதைச்சவன் திங்க உடறாங்க, அடுத்தவனுக்குக் குடுக்க உடறதில்லீங்க. சேதி கேட்டதும் ஊரு கூடுனோம். மதகடி வயலை மேலூருக்கே உட்டாச்சு. நீங்களே வெதைங்க, நீங்களே அறுங்க. எங்களுக்கு ஓடை ஓடுனாப் போதுமுங்க."

கவுண்டர் குனிந்து கந்தப்பன் மேல் துணியைப் போர்த்தினார்.

 தங்கமுத்து புளியமரத்தடிக்குப் போய் ஏதோ சொன்னான். கோடரிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் காட்டை விட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்கள்.

பாடை எழுந்தது. முன்தோள் கொடுத்தவர் பெரியசாமி.

சென்னம்மாள் பெண்களோடு ஓடைக்குப் போனாள். தலை முழுகுமுன் குனிந்து, இரு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள்.