கண்ட்ரோல் எல்

தங்கை கணவரை 'அவர்' என்றே சொல்லிப் பழகியவள் நான். இன்றைக்கு 'அவன்' என்றுதான் வாயில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனை இந்த அலுவலகத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். நகரத்துத் தண்ணீர்க் குழாய்களின் வரைபடங்களைச் சர்வரில் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. இருவருக்கும் ஒரே கணினி, ஒரே கடவுச்சொல். மவுஸுக்கு வேலையில்லை, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். கண்ட்ரோல், ஆர் என்ற இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தி இரண்டு எழுத்து தட்டினால், முன்பு எப்போதோ அடித்த கட்டளை முழுதாக வந்து நிற்கும். அதைப் படித்துப் பார்க்காமல் என்டர் தட்டினால் போச்சு.

நேற்று அப்படித்தான் பழைய அழிக்கும் கட்டளை ஒன்று தட்டப்பட்டிருந்தது. ஐந்து மாத வரைபடங்கள் துடைத்து எடுத்தாற்போல் காணோம். பேக்கப்பும் இல்லை.

"யார் பண்ணதுன்னு எனக்கு இப்பவே தெரியணும். அவங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேலாளர் இன்று காலை.

அவன் என் முகத்தைப் பார்க்காமல், "அக்காதான் கடைசியா உக்காந்திருந்தாங்க சார்" என்றான்.

அடித்த கட்டளைகளின் பட்டியலைத் திரையில் எடுத்துக் காட்டினேன். அழிக்கும் கட்டளைக்கு நேர் கீழே 'கிளியர்' என்று ஒரு வரி. திரையைத் துடைக்க நான் கண்ட்ரோலும் எல்லும்தான் அழுத்துவேன். அது பட்டியலில் ஏறாது. கிளியர் என்று ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக அடிப்பவன் அவன். "ஏன் தம்பி, அதென்ன அஞ்செழுத்து மந்திரமா? ரெண்டு விரல் போதுமே" என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! "கை வரமாட்டேங்குதுக்கா" என்பான்.

எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளர் அவன் பக்கம் திரும்பினார்.

"உக்காருப்பா. திரையைத் துடைச்சுக் காட்டு."

அவன் உட்கார்ந்தான். விசைப்பலகையைப் பார்க்காமலே இரண்டு விரலை வைத்தான். திரை காலியானது. மறுபடியும் செய்து காட்டினான், இன்னும் வேகமாக.

"நான் எப்பவும் இப்படித்தான் சார். அக்காதான் முழுசா அடிப்பாங்க."

இரண்டு வருடம் வராத கை ஒரே நாளில் எப்படி வந்தது? பழகிக்கொண்டு வந்திருக்கிறான், பாவி! நான் இதைத்தான் சொல்வேன் என்று முன்கூட்டியே யோசித்து, வீட்டில் உட்கார்ந்து பழகியிருக்கிறான். இனி நான் எதை அழுத்திக் காட்டினாலும் நடிப்பு என்றுதான் ஆகும்.

"மேசையைக் காலி பண்ணிடும்மா" என்றார் மேலாளர்.

லிஃப்ட் வாசலில் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க. மாசமா இருக்கா, தாங்க மாட்டா. எனக்குக் குடும்பம்னு ஒண்ணு இருக்கு. நீங்க தனி ஆள்தானே, எப்படியும் சமாளிச்சுக்குவீங்க."

தனி ஆள்! இத்தனை நாள் ஞாயிறுதோறும் அவன் வீட்டில் சாப்பிட்டபோது நானும் அந்தக் குடும்பம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே, அவன் எதிரிலேயே, தங்கைக்குப் போன் போட்டேன்.

"சொல்லுக்கா" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்" என்று போனை அவன் கையில் திணித்தேன்.

அவள் "என்னங்க, என்னங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.