சாயாத வீடு

என் அண்ணனுக்குப் பேச்சில் தேன் ஒழுகும். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு, அம்மா போன பிறகு எங்கள் இருவரையும் வளர்த்து ஆளாக்கிய சித்தியின் தலையிலேயே மிளகாய் அரைத்தான். நல்ல பெயரும் அவனுக்குத்தான் கிடைத்தது.

சித்தி வீட்டை ஒட்டி ஓர் அடுக்குமாடிக்காக ஆழமாகப் பள்ளம் தோண்டினார்கள். பக்கத்து வீடு சாய்கிறதா என்று கண்காணித்தால்தான் தோண்ட அனுமதி. அந்தக் கண்காணிப்பு வேலை எங்கள் சின்ன கம்பெனிக்கு வந்தது. அண்ணன் முதலாளி. ஏணி ஏறுவதும் துளை போடுவதும் நான். சமையலறைச் சுவரில் ஒரு தகட்டைத் துல்லியமாக மட்டம் பார்த்துப் பொருத்தி, அதன்மேல் சோப்பு டப்பா அளவிலான டிஜிட்டல் சாய்வு சென்சாரை முடுக்கினேன். நூற்றில் ஒரு பங்கு டிகிரி அசைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கால் டிகிரியைத் தாண்டினால் பச்சை விளக்கு சிவப்பாகும். பள்ளத்தில் வேலையை நிறுத்தியாக வேண்டும்.

“எம் பொண்ணு வச்ச மீட்டர்” என்று சித்தி தெரு முழுக்கத் தண்டோரா போட்டாள்.

பேட்டரி மாற்றப் போன அன்று குளியலறைக் கதவு பாதியில் இடித்தது.

“மழைக்கு மரம் ஊதிடுச்சு போலடி” என்றாள் சித்தி.

சுவர் சாய்ந்தாலும் கதவு இப்படித்தான் இடிக்கும். சென்சாரைப் பார்த்தேன். பச்சை. 0.03. அதைக் கழற்றிவிட்டு, பையில் இருந்த இன்னொரு சென்சாரை அதே தகட்டில் வைத்தேன். 0.38. எங்கள் தொழிலில் ஒரே அளவை நம்பி வாய் திறக்க மாட்டோம். முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்து மறுபடி பார்க்க வேண்டும். கருவி சரியாக இருந்தால் அதே எண் மைனஸில் வரும்; கோளாறு என்றால் எண் மாறும். திருப்பி வைத்தேன். மைனஸ் 0.38. கருவியில் கோளாறு இல்லை. சுவர்தான் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. பழைய சென்சாரைத் திரும்ப மாட்டினேன்; அது பச்சையாகவே எரிந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அதுவா? செவப்பு வந்துச்சு. ஆபீஸ்லேர்ந்தே ஜீரோ பண்ணி விட்டுட்டேன்” என்றான், பல் துலக்கினேன் என்பதுபோல.

“சாஞ்ச சுவத்தை நேருன்னு சொல்லியிருக்கே. உள்ள யாரு இருக்கான்னு தெரியுமில்ல?”

“கத்தாதே. இன்னும் ஒரு வாரத்துல அடியில கான்கிரீட் போட்டுடுவாங்க. இப்ப வேலைய நிறுத்தினா அடுத்த வேலைக்கு அந்த பில்டர் நம்மள வாசப்படி ஏத்த மாட்டான்.”

“சித்தி, துணிய எடுங்க, கிளம்பலாம்” என்றேன். அவள் நகரவில்லை.

“நேத்துதானே உங்கண்ணன் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னான்? நீ வச்ச மீட்டரு பச்சையா எரியுது, நீயே பயந்தா எப்படி?”

ஜீரோ செய்த கதையைச் சொன்னேன். “அவன் அப்படிச் செய்யமாட்டான்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. நேராக நகராட்சி இன்ஜினியரிடம் போனேன். அவர் தன் கருவியோடு வந்து பார்த்தார். மாலைக்குள் பள்ளத்தில் வேலை நின்றது. சித்தியை வெளியேற்றி வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். ஒரு பையோடு தெருவில் நின்றவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணன் காரோடு வந்தான். “என் வீட்டுக்கு வாங்க சித்தி” என்று கண் கலங்கினான். பையை அவனே தூக்கினான். எனக்கு எரிந்தது.

சுவர் மேலும் சாயாமல் இருக்கப் பள்ளத்தில் பாதிக்கு மண்ணைக் கொட்டி மூடினார்கள். பில்டர் மேல் கேஸ் நடக்கிறது, முடியும்வரை சீலை உடைக்க முடியாது. சுவர் அதற்குப்பின் ஓர் இம்மி நகரவில்லை. நான் வேலையை நிறுத்தியதால்தான் நகரவில்லை என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது? தெரு சொல்வது வேறு: வீடு குத்துக்கல்லாட்டம் நிற்கிறது, அண்ணன் மேல் இருந்த பொறாமையில் வளர்த்தவளை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

போன வாரம் சித்தியைப் பார்க்கப் போனேன். அண்ணன் வீட்டு ஹாலில், பாயும் தலையணையும் மூலையில் கிடக்க, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“விழும்னியே, விழுந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும்போது அந்தத் தெரு வழியாக வந்தேன். வீடு அப்படியே நின்றது. அவள் சாகக் கூடாது என்றுதான் அத்தனையும் செய்தேன். இப்போது வெறும் சுவர்தானே, விழுந்து தொலையேன் என்று வாய்விட்டே சொன்னேன்.